தோட்டத்து லயங்களுக்கு நோயாளர் காவு வண்டி வர இன்னொரு சட்டம் தேவையா?

நோர்வூட் ஆசிரியர் (கேள்வி):

வணக்கம். நான் நோர்வூட் பிரதேச சபை எல்லைக்குள் அமைந்த ஒரு தோட்டப் பாடசாலையில் கற்பிக்கிறேன். எங்கள் தோட்டத்தின் மேற்பிரிவைச் சேர்ந்த பெற்றோர் சிலர், மலையகத் தோட்டங்களுக்கு நோயாளர் காவு வண்டிச் சேவையை விரிவாக்கும் தனிச் சட்டம் ஒன்றை இயற்றுமாறு கேட்டு ஒரு மகஜர் அனுப்ப விரும்புகிறார்கள். எழுதும் பொறுப்பு என்னிடம் வந்திருக்கிறது. கையொப்பம் சேர்க்கத் தொடங்கும் முன்னர், கோரிக்கையின் அடிப்படையே சரிதானா என்பதை விடயம் அறிந்தவர்களிடம் கேட்டுத் தெளிந்துகொள்ள வேண்டும் என்று நினைக்கிறேன்.

எங்கள் நிலைமை இதுதான். 1990 என்ற இலக்கத்தை அழைத்தால் தமிழில் பேச முடிகிறது, கட்டணம் எதுவும் இல்லை, வண்டியும் புறப்பட்டு வருகிறது. ஆனால் அது பிரதான வீதியில் இருந்து தோட்டத் தொழிற்சாலை வரைதான் ஏற முடியும். அதற்கு மேல் இருக்கும் பாதை கொழுந்து லொறிக்காகப் பல தசாப்தங்களுக்கு முன்னர் கல் பரப்பிப் போடப்பட்டது. இடையில் உள்ள சிறு பாலத்தின் ஒரு பக்கம் மழையில் இடிந்த பிறகு லொறிகூட மேலே போவதில்லை. நோயாளியை நாற்காலியில் உட்கார வைத்தோ, கம்பளியில் கிடத்தி நான்கு பேர் பிடித்துக்கொண்டோ தேயிலை மலைக்கு நடுவே உள்ள குறுக்குப் பாதையால் இறக்குகிறார்கள். பிரசவ வலி கண்ட பெண்களையும் இப்படித்தான் இறக்குகிறார்கள். பாலத்தைத் திருத்துங்கள் என்று தோட்ட நிர்வாகத்திடம் கேட்டால், பாதையைப் பயன்படுத்துவது குடியிருப்பாளர்கள் என்பதால் பிரதேச சபையிடம் போகச் சொல்கிறார்கள். சபையில் கேட்டால், நிலம் கம்பனியின் குத்தகையில் இருக்கிறது என்கிறார்கள். தோட்டத்தின் பெயரை வேண்டுமென்றே தவிர்த்திருக்கிறேன். சுற்றியுள்ள பல தோட்டங்களின் கதையும் இதுவே என்பதால் பெயரால் எதுவும் கூடப்போவதில்லை.

நான் அறிய விரும்புவது, இப்போதுள்ள சட்டங்களின்படி தொழிற்சாலைக்கும் லயத்துக்கும் (தொழிலாளர் வரிசை வீடுகளுக்கும்) இடைப்பட்ட அந்தத் தூரத்துக்கு யார் பொறுப்பு என்பதையும், சேவையை விரிவாக்கும் சட்டத்தைப் பாராளுமன்றத்திடம் கேட்க வேண்டுமா அல்லது மத்திய மாகாண சபையிடம் கேட்க வேண்டுமா என்பதையும் ஆகும். வேறு நாடுகளில் இதை எப்படிச் செய்திருக்கிறார்கள் என்று தெரிந்தவர்கள் இருந்தால் அதையும் எழுதுங்கள்.


ஓய்வுபெற்ற தோட்ட வைத்திய உதவியாளர்:

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம். சட்ட நுணுக்கங்களை மற்றவர்கள் எழுதுவார்கள். நான் டிஸ்பென்சரிப் பக்கத்திலிருந்து பார்த்ததைச் சொல்கிறேன்.

தோட்டத்து நோயாளியை வைத்தியசாலைக்கு அனுப்பும் கடமை இன்று நேற்று உருவானது அல்ல. 1912ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க மருத்துவத் தேவைகள் கட்டளைச் சட்டம், தோட்டத்தில் யார் யார் நோயுற்றிருக்கிறார்கள் என்பதை அறிந்து உடனடி நிவாரணம் அளிப்பதும், கடும் நோயோ விபத்தோ நேர்ந்தால் மாவட்ட வைத்திய அதிகாரிக்கு ஆளனுப்புவதும், அவர் பணித்தால் தொழிலாளியை வைத்தியசாலைக்கு அனுப்பிவைப்பதும் தோட்டத்துரையின் கடமை என்று விதித்திருந்தது. பிள்ளை பெற்ற பெண்ணுக்கு ஒரு மாதத்துக்கு உணவும் இருப்பிடமும் தர வேண்டும் என்பதும் அதே சட்டத்தில் உண்டு. இவற்றை யாரும் இரக்கத்தினால் எழுதி வைக்கவில்லை. கூலியாள் செத்தால் தோட்டத்துக்கு நட்டம், தொற்றுநோய் பரவினால் அரசாங்கத்துக்கு நட்டம் என்ற கணக்கே அதற்குப் பின்னால் இருந்தது. ஆனாலும் கடமை இன்னாருடையது என்று பெயர் குறித்து எழுதப்பட்டிருந்ததால், நோயாளியை யார் அனுப்புவது என்ற கேள்வி அக்காலத்தில் எழவில்லை.

நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் அந்தக் கடமை லொறியின் வடிவத்தில் இருந்தது. இரவில் ஒருவருக்கு நெஞ்சுவலி வந்தால் முதலில் என்னை எழுப்புவார்கள். நான் பார்த்து, ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும் என்று ஒரு துண்டு எழுதுவேன். அந்தத் துண்டோடு ஒருவர் பங்களாவுக்குப் போய் துரையின் அனுமதியைப் பெற வேண்டும். பிறகு சாரதியின் வீட்டுக்குப் போய் அவரை எழுப்ப வேண்டும். லொறியில் அன்று மாலை ஏற்றிய கொழுந்துச் சாக்குகள் இருந்தால் அவற்றை இறக்க வேண்டும். இவ்வளவும் முடிந்து லொறி புறப்படும்போது, நோயாளியின் நிலை நான் துண்டில் எழுதியதிலிருந்து வெகுவாக மாறியிருக்கும். அந்த ஏற்பாட்டைப் பொற்காலம் என்று பேசுகிறவர்களுடன் எனக்கு உடன்பாடு இல்லை. 1990 வண்டி யாருடைய அனுமதித் துண்டும் இல்லாமல் வருகிறது என்பதையே நான் அந்தச் சேவையின் மிகப் பெரிய நன்மையாகக் கருதுகிறேன்.

ஆனால் கைமாறும்போது ஒன்று நழுவிவிட்டது. 1970களில் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992 இல் அவற்றின் முகாமைத்துவம் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளிடம் போனது. குத்தகை 2045 வரை செல்லுபடியாகும். அதன்பின் தோட்ட வைத்தியசாலைகளை அரசாங்கம் படிப்படியாகப் பொறுப்பேற்கத் தொடங்கியது. வைத்தியசாலை அரசாங்கத்துக்குப் போயிற்று. பாதை கம்பனியிடமே தங்கிவிட்டது. அதனால் சுகாதாரம் எங்கள் வேலை இல்லை என்று சொல்லக் கம்பனிக்கும், பாதை எங்களுடையது இல்லை என்று சொல்ல அரசாங்கத்துக்கும் வசதியாகிவிட்டது. மகஜரில் இந்த இடத்தை அழுத்தி எழுதுங்கள்.


கண்டிச் சட்டத்தரணி:

முந்தைய பதிவில் ஐயா சொன்ன வரலாற்றின் தொடர்ச்சியாகச் சட்ட நிலையை விளக்குகிறேன். சற்று நீளமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சேவையை விரிவாக்கும் சட்டம் ஏற்கெனவே இருக்கிறது. 1990 சுவசெரிய சேவை, இந்திய அரசின் நன்கொடையாகக் கிடைத்த 88 வண்டிகளுடன், 2016 ஜூலையில் மேல், தென் மாகாணங்களில் மட்டும் ஆரம்பிக்கப்பட்டது. அப்போது அதற்கெனத் தனிச் சட்டம் எதுவும் இருக்கவில்லை. 2018 ஜூலையில் வட மாகாணத்துக்கும், தொடர்ந்து ஏனைய மாகாணங்களுக்கும் அதை விரிவாக்கியபோது வண்டிகளின் தொகை 297 ஆக உயர்ந்தது. அதே ஆண்டில்தான் 2018ஆம் ஆண்டின் 18ஆம் இலக்க 1990 சுவசெரிய மன்றச் சட்டம் நிறைவேற்றப்பட்டது. நன்கொடையில் ஓடிய ஒரு திட்டத்தை நிலையான பொது நிறுவனமாக மாற்றியமைத்தது அந்தச் சட்டமே. எனவே உங்கள் மகஜர் 'சேவையை மலையகத்துக்கு விரிவாக்குங்கள்' என்று கேட்டால், அது ஏற்கெனவே விரிவாக்கப்பட்டுவிட்டது என்ற ஒற்றை வரிப் பதிலோடு கோப்பு மூடப்படும். மகஜர்களுக்கு நேரும் பொதுவான கதி இதுதான். கேள்வியைத் தவறாகக் கேட்டால் சரியான பதிலைச் சொல்லியே தட்டிக்கழித்துவிடுவார்கள்.

உங்கள் சிக்கலுக்கு உண்மையில் பொருந்தும் சட்டம் வேறு. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தின் 33ஆம் பிரிவு, சபையின் நிதியைக் கொண்டு கிராமங்களில் அபிவிருத்தி வேலைகளைச் செய்ய வழிவகுத்தது. ஆனால் தோட்டக் குடியிருப்புகள் அந்த ஏற்பாட்டுக்கு வெளியே நின்றன. தோட்ட மக்கள் சபைக்கு வாக்களித்தார்கள், உறுப்பினர்களாகவும் தெரிவானார்கள், ஆனால் தாங்கள் தெரிவாகிய சபையின் பணத்தில் தங்கள் லயத்துக்கு ஒரு படிக்கட்டுக்கூடக் கட்ட முடியாமல் இருந்தார்கள். 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் இம்மக்களை வாக்காளர் பட்டியலுக்கு வெளியே தள்ளிய காலத்திலிருந்து உள்ளூராட்சி அமைப்புகள் தோட்டங்களைத் தமக்குச் சம்பந்தமில்லாத தனியார் நிலமாகவே பார்த்துப் பழகியிருந்தன. குடியுரிமை மீண்ட பிறகும் அந்தப் பழக்கம் சட்டத்தின் வாசகத்தில் தங்கியிருந்தது. 2018ஆம் ஆண்டின் 30ஆம் இலக்கத் திருத்தச் சட்டம்தான் அந்தத் தடையை நீக்கியது. ஆகவே, நிலம் கம்பனியுடையது என்பதால் செலவிட முடியாது என்று உங்கள் சபையில் யாராவது இன்று சொன்னால், அவர் 2018 க்கு முந்திய சட்டத்தைச் சொல்கிறார். திருத்தத்தை அச்செடுத்துக்கொண்டு போய்க் காட்டுங்கள்.

ஆனால் ஒரு குறை இருக்கிறது. திருத்தம் சபைக்கு அதிகாரம் கொடுக்கிறதே தவிரக் கட்டளையிடவில்லை. செலவிடலாம் என்பதற்கும் செலவிட வேண்டும் என்பதற்கும் நடுவில்தான் உங்கள் பாலம் இடிந்து கிடக்கிறது. புதிய சட்டம் கேட்பதாயின் கேட்க வேண்டிய இடம் இதுவே: குடியிருப்புகளுக்குச் செல்லும் தோட்டப் பாதையை அவசர வாகனம் செல்லக்கூடிய நிலையில் பேணுவது குத்தகையாளரின் கடமை என்றும், அவர் தவறினால் சபை அந்த வேலையைச் செய்து செலவை அவரிடமிருந்து அறவிடலாம் என்றும் ஒரு பிரிவைச் சேர்ப்பது. இதற்குப் பெரிய சட்டம் தேவையில்லை. இரண்டு வாசகங்கள் போதும்.

மாகாண சபை பற்றிக் கேட்டிருந்தீர்கள். அரசியலமைப்பின் 13ஆம் திருத்தத்தின்படி மாகாண வைத்தியசாலைகளும் பொதுச் சுகாதார சேவைகளும் மாகாண நிரலில், அதாவது மாகாணங்களுக்கு உரிய அதிகாரங்களின் பட்டியலில், வருகின்றன. எனவே கொள்கையளவில் மத்திய மாகாண சபை இது குறித்து நியதிச்சட்டம் (மாகாண சபை இயற்றும் சட்டம்) இயற்றலாம். நடைமுறையில் அச்சபையின் பதவிக்காலம் 2018 இல் முடிந்துவிட்டது. அதற்குப் பின் தேர்தல் நடத்தப்படவில்லை. ஊவா மாகாணத்தின் நிலையும் அதுவே, அங்கு 2019 இல் முடிந்தது. ஆளுநர் நிருவாகத்தைக் கொண்டு நடத்தலாம், ஆனால் நியதிச்சட்டம் இயற்றும் அதிகாரம் தெரிவுசெய்யப்பட்ட சபைக்கு உரியது. ஆகவே அந்தக் கதவை இப்போது தட்டிப் பயனில்லை.

அடிப்படை உரிமை மனு பற்றியும் யாராவது யோசனை சொல்லக்கூடும் என்பதால் முன்கூட்டியே எழுதுகிறேன். எமது அரசியலமைப்பின் அடிப்படை உரிமைகள் அத்தியாயத்தில் சுகாதார உரிமை தனியாக இல்லை. உயிர்வாழும் உரிமை உட்கிடையாக உண்டு என்று உயர் நீதிமன்றம் 2003 இல் ஒரு பொலிஸ் தடுப்புக்காவல் மரண வழக்கில் ஏற்றுக்கொண்டது. அதை இடிந்த பாலம் வரை நீட்டுவது முடியாத காரியம் என்று நான் சொல்லமாட்டேன். ஆயினும் அது நீண்ட பாதை. உங்களுக்குத் தேவை அடுத்த மழைக்கு முன்னர் ஒரு பாலம்.


கூடலூர்வாசி:

நான் எழுதுவது நீலகிரியில் இருந்து. என் பெற்றோர் ஹட்டன் பக்கத்துத் தோட்டமொன்றில் வேலை செய்தவர்கள். 1964ஆம் ஆண்டு சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தத்தின் கீழ் தலைமன்னாரிலிருந்து கப்பலேறி மண்டபம் முகாம் வழியாக இங்கு வந்து, தாயகம் திரும்பியோருக்காகவே தமிழக அரசு உருவாக்கிய டான்டீ தேயிலைத் தோட்டத்தில் வேலைக்குச் சேர்ந்தார்கள். ஆகவே இந்த உரையாடலை வெளியாளாக நின்று நான் வாசிக்கவில்லை.

தமிழ்நாட்டில் 108 ஆம்புலன்ஸ் சேவை 2008 செப்டம்பரில் தொடங்கியது. அதற்கெனச் சட்டமன்றத்தில் தனிச் சட்டம் இயற்றித் தொடங்கவில்லை. அரசு செலவை ஏற்க, ஒரு நிறுவனம் ஒப்பந்த அடிப்படையில் நடத்துகிறது. அதே நிறுவனக் குடும்பம்தான் உங்கள் 1990 சேவையையும் ஆரம்பத்தில் அமைத்துக் கொடுத்தது. சட்டம் இல்லாமலே இங்கு வண்டிகள் பழங்குடிக் கிராமங்கள் வரை வருகின்றன என்பதால், சட்டத்தை விட வரவுசெலவுத் திட்டத்தில் ஒதுக்கீடு முக்கியம் என்பது என் கருத்து.

நீதிமன்றத்தின் பங்கையும் சொல்ல வேண்டும். ரயிலில் இருந்து விழுந்து தலையில் காயமடைந்த ஒரு விவசாயத் தொழிலாளியை மேற்கு வங்க அரசு மருத்துவமனைகள் ஒன்றன்பின் ஒன்றாகத் திருப்பி அனுப்பிய வழக்கில், இந்திய உச்ச நீதிமன்றம் 1996 இல் அவசரச் சிகிச்சை மறுக்கப்படுவது உயிர்வாழும் உரிமையை மீறுவதாகும் என்று தீர்ப்பளித்தது. ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்து மாவட்ட மருத்துவமனைக்கு நோயாளியைக் கொண்டுசெல்ல ஆம்புலன்ஸ் ஏற்பாடு இருக்க வேண்டும், அதில் கருவிகளும் பயிற்சி பெற்ற ஆட்களும் இருக்க வேண்டும் என்றும் அத்தீர்ப்பு கூறியது. 2023 இல் ராஜஸ்தான் சுகாதார உரிமைச் சட்டத்தை நிறைவேற்றியது. முன்பணம் கேட்காமல் அவசரச் சிகிச்சை அளிக்க வேண்டும் என்பது அதன் மையம். தனியார் மருத்துவர்கள் தெருவில் இறங்கிப் போராடினார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். செலவை யார் தருவது என்பதில்தான் சண்டை.


கண்டிச் சட்டத்தரணி:

கூடலூர் நண்பருக்கு நன்றி. ஒதுக்கீடே முக்கியம் என்பதில் பாதிதான் உடன்படுகிறேன். ஒப்பந்தம் முடியலாம், நன்கொடை நிற்கலாம், அமைச்சர் மாறலாம். சட்டத்தால் நிறுவப்பட்ட அமைப்பை மூடுவதற்கு மீண்டும் பாராளுமன்றத்துக்குப் போக வேண்டும். 2022 பொருளாதார நெருக்கடியில் எத்தனையோ திட்டங்கள் சத்தமின்றி நின்றுபோனதை நாம் கண்டோம்.

வெளிநாட்டு உதாரணங்களைக் கையாளும்போது எந்தத் தடையை அந்தச் சட்டம் நீக்குகிறது என்று பார்க்க வேண்டும். அமெரிக்காவில் மாநிலங்கள் இப்போது இயற்றிவரும் நோயாளர் காவு வண்டிச் சட்டங்கள் பலவும் கட்டணத்தைப் பற்றியவை. எதிர்பாராத வைத்தியக் கட்டணத்தைத் தடுக்கும் கூட்டாட்சிச் சட்டம் 2022 இல் நடைமுறைக்கு வந்தபோது வான்வழி வண்டிகளை உள்ளடக்கித் தரைவழி வண்டிகளை விட்டுவிட்டது. அந்த ஓட்டையைக் கலிபோர்னியா போன்ற மாநிலங்கள் தாமே அடைத்தன. வேறு சில மாநிலங்கள் இச்சேவையைப் பொலிஸ், தீயணைப்பு போன்ற அத்தியாவசியச் சேவையாகச் சட்டத்தில் அறிவித்து, அதை வழங்கும் கடமையை உள்ளூராட்சிக்கு விதித்திருக்கின்றன. முதலாவது வகை எமக்குத் தேவையில்லை. எமது சேவை இலவசம். இரண்டாவது வகையில் எமக்குப் பாடம் உண்டு, ஏனென்றால் அங்கும் கடமை யாருடையது என்று எழுதாத இடத்தில் கிராமப்புறங்கள்தான் வண்டியில்லாமல் நின்றன.


பதுளைத் தாதி:

எல்லோரும் பாதையைப் பற்றியே எழுதுகிறீர்கள். நான் அவசர சிகிச்சைப் பிரிவில் வேலை செய்கிறேன். மடுல்சீமை, லுணுகலைப் பக்கத்திலிருந்து வருபவர்களைப் பார்த்த அனுபவத்தில், பாதைக்கு முன்பும் பின்பும் நேரம் வீணாகிறது என்று சொல்வேன்.

முதலாவது, அழைப்பதற்கே தாமதிக்கிறார்கள். குளவி கொட்டினால் பலர் முதலில் சுண்ணாம்பு தடவிப் பார்க்கிறார்கள், பிறகு முச்சக்கர வண்டி தேடுகிறார்கள், அது கிடைக்காவிட்டால்தான் 1990 ஞாபகத்துக்கு வருகிறது. மூச்சுத்திணறலும் மயக்கமும் தொடங்கிவிட்ட ஒவ்வாமையில் அட்ரினலின் ஊசி உடனே தொடையில் போடப்பட வேண்டும். சில நிமிடங்கள் கூட உயிரைத் தீர்மானிக்கும். வண்டி எவ்வளவு விரைவாக வந்தாலும் மலைப்பாதையில் அந்த நிமிடங்களை முந்த முடியாது. கொழுந்து பறிக்கும் மலைக்கு அருகே, பயிற்சி பெற்ற ஒருவரின் கையில், அந்த மருந்து இருக்க வேண்டும். டிஸ்பென்சரி மாலையில் பூட்டப்படும் தோட்டங்களில் இதற்கு என்ன ஏற்பாடு என்று உங்கள் மகஜரில் கேளுங்கள். சட்டம் இயற்றாமலே நாளைக்கே செய்யக்கூடிய காரியம் இது.

இரண்டாவது, இடத்தைச் சொல்வது. அழைப்பு நிலையம் இராஜகிரியவில் இருக்கிறது. லயங்களுக்கு வீதிப் பெயரும் வீட்டிலக்கமும் இல்லை. தோட்டத்துக்கோ பதிவேட்டில் ஒரு பெயர், ஊர் வாயில் இன்னொரு பெயர். பதற்றத்தில் அழைப்பவர் மேல்கணக்கு என்றும் பழைய காம்பரா என்றும் சொன்னால் அங்கே இருப்பவருக்கு என்ன விளங்கும்? பதிவிலுள்ள தோட்டப் பெயர், பிரிவின் பெயர், அருகிலுள்ள நகரம், பிரதான வீதியில் இருந்து திரும்பும் இடத்தின் அடையாளம் ஆகியவற்றை ஒரு பலகையில் பெரிய எழுத்தில் எழுதி ஒவ்வொரு லயத்தின் முகப்பிலும் தொங்கவிட்டால், அழைப்பவர் அதைப் பார்த்து வாசித்தாலே போதும். கைபேசிச் செயலியும் உண்டு, ஆனால் சரிவுகளில் சமிக்ஞை கிடைக்காத இடங்களில் அதை நம்பியிருக்க முடியாது. அழைத்தவரின் கைபேசியை வேறு யாரும் பயன்படுத்தாமல் வைத்திருக்க வேண்டும், வண்டியில் வருபவர்கள் வழி கேட்டுத் திரும்ப அழைப்பார்கள்.

மூன்றாவது விடயத்தை யாரும் தொடவில்லை. 1990 வண்டி நோயாளியை அவர் இருக்கும் இடத்திலிருந்து வைத்தியசாலைக்குக் கொண்டுவருவதற்கானது. அங்கிருந்து பெரிய வைத்தியசாலைக்கு மாற்ற வேண்டுமானால் அது அந்தந்த வைத்தியசாலையின் சொந்த வண்டியின் வேலை. பொகவந்தலாவையில் இருந்து டிக்கோயா கிளங்கன் ஆதார வைத்தியசாலைக்கும், அங்கிருந்து கண்டிக்கும் என்று ஒருவர் இரண்டு தடவை மாற்றப்படலாம். கிளங்கனில் இந்திய உதவியுடன் 150 கட்டில்களுடன் புதிய கட்டிடம் 2017 மே மாதம் திறக்கப்பட்டதால் முன்பு கண்டிக்கு அனுப்பப்பட்ட பலருக்கு இப்போது அங்கேயே சிகிச்சை கிடைக்கிறது; ஆனால் விசேட சிகிச்சைக்கு இன்னும் மலையிறங்கித்தான் ஆக வேண்டும். சிறிய வைத்தியசாலையின் ஒரே வண்டி ஒரு நோயாளியுடன் கண்டிக்குப் போயிருக்கும்போது அடுத்தவர் காத்திருக்கிறார். சேவையை விரிவாக்குவது என்று எழுதும்போது இதையும் எழுதுங்கள்.

லயத்து வாசல்வரை வண்டி வர வேண்டும் என்ற கோரிக்கை எல்லா இடத்திலும் நடைமுறைக்கு ஒவ்வாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். சில லயங்கள் இருக்கும் சரிவில் எந்தப் பாதையும் போட முடியாது, போடவும் கூடாது. 2025 நவம்பரில் டித்வா புயலோடு வந்த மண்சரிவுகளுக்குப் பிறகும் மலையை வெட்டிப் பாதை போடச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அப்படிப்பட்ட இடங்களில் நல்ல தூக்குப்படுக்கை ஒன்றும், அதைத் தூக்கப் பழகிய இளைஞர்களும், கைப்பிடியுள்ள படிக்கட்டும் இருந்தால் கம்பளியில் தூக்குவதை விட எவ்வளவோ பாதுகாப்பு. முதுகெலும்பு முறிந்தவரைக் கம்பளியில் மடித்துத் தூக்கினால் என்ன ஆகும் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை.


நோர்வூட் ஆசிரியர்:

எல்லோருக்கும் நன்றி. தனிச் சட்டம் கேட்கும் தலைப்பை மாற்றிவிடலாம் என்று பெற்றோரிடம் பேசினேன். பெரும்பாலோர் ஒத்துக்கொண்டார்கள், ஒரு மூத்தவர் மட்டும், சட்டம் என்று போட்டால்தான் மேலே வாசிப்பார்கள் என்று பிடிவாதமாக இருக்கிறார். தாதி அம்மா சொன்ன பலகையை எங்கள் மாணவர்களே எழுதித் தருவார்கள், அதற்கு யாருடைய அனுமதியும் தேவைப்படாது என்று நினைக்கிறேன்.

சட்டத்தரணி ஐயாவிடம் இன்னும் ஒரு கேள்வி. பிரதேச சபையை முதலில் அணுகுவதாயின் எந்த வடிவில் கேட்க வேண்டும்? வெறும் கடிதம் கொடுத்தால் பெற்றுக்கொண்டோம் என்ற முத்திரையோடு முடிந்துவிடுகிறது.


கண்டிச் சட்டத்தரணி:

மூத்தவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. தலைப்பில் சட்டம் என்ற சொல்லை விட்டுவிட வேண்டாம். 33ஆம் பிரிவின் 2018ஆம் ஆண்டுத் திருத்தத்தை நடைமுறைப்படுத்தக் கோரும் மகஜர் என்று போடுங்கள். இல்லாத சட்டத்தைக் கேட்பதை விட இருக்கும் சட்டத்தைக் கேட்பது அதிகாரிக்கு அதிக சங்கடத்தைத் தரும்.

கடிதத்துக்கு முன்னர் தகவல் கேளுங்கள். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் சபையின் தகவல் அதிகாரிக்குத் தமிழிலேயே விண்ணப்பிக்கலாம். தகவலைத் தருவதா இல்லையா என்பதை அவர் 14 வேலை நாட்களுக்குள் தீர்மானிக்க வேண்டும். திருத்தம் வந்த பின்னர் தோட்டப் பாதைகளுக்குச் சபை ஆண்டுதோறும் செலவிட்ட தொகை எவ்வளவு, உங்கள் தோட்டத்துப் பாதை சபையின் வீதிப் பதிவேட்டில் உள்ளதா, இல்லையெனில் அதைச் சேர்க்க எப்போதாவது தோட்ட நிர்வாகத்துடன் கடிதப் போக்குவரத்து நடந்ததா என்று கேளுங்கள். கடைசிக் கேள்வியே முக்கியம். பெரும்பாலும் அப்படி ஒரு கடிதமே எழுதப்பட்டிருக்காது. எழுதப்படவில்லை என்ற பதில் உங்கள் கையில் எழுத்தில் கிடைத்தால், கம்பனி தடுக்கிறது என்று சபையும், சபை கேட்கவில்லை என்று கம்பனியும் சொல்லும் விளையாட்டு அத்தோடு நின்றுவிடும்.

அந்தப் பதிலோடு உங்கள் வட்டார உறுப்பினரைச் சந்தித்து, சபையின் மாதாந்தக் கூட்டத்தில் ஒரு பிரேரணை கொண்டுவரச் சொல்லுங்கள். அம்பகமுவ, நுவரெலியா ஆகிய இரு பெரிய சபைகளையும் பிரித்து நோர்வூட், மஸ்கெலியா, கொட்டகலை, அக்கரப்பத்தனை ஆகிய புதிய சபைகளை உருவாக்கியதே தோட்ட மக்களுக்கு அருகில் நிருவாகம் இருக்க வேண்டும் என்ற காரணத்தால்தான். உறுப்பினர்களில் பலர் தோட்டங்களில் பிறந்து வளர்ந்தவர்கள். பிரேரணையில் பாலத்தின் இடம், பாதையின் நீளம், மேலே உள்ள குடும்பங்களின் எண்ணிக்கை, அவர்களில் கர்ப்பிணிகளும் முதியோரும் எத்தனை பேர் என்பதைக் குடும்பநல உத்தியோகத்தரின் பதிவேட்டில் இருந்து எடுத்துச் சேர்த்துக்கொள்ளுங்கள். பிரதிகளைத் தோட்ட நிர்வாகத்துக்கும் பிராந்திய சுகாதார சேவைகள் பணிப்பாளருக்கும் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். அடுத்த ஆண்டுக்கான வரவுசெலவுத் திட்டத்தைச் சபைகள் ஆண்டின் கடைசி மாதங்களில் தயாரிப்பதால், பிரேரணை அதற்கு முன்னர் நிறைவேறியிருக்க வேண்டும். வரைபை எழுதியதும் இங்கே இடுங்கள், வாசகங்களைப் பார்த்துத் திருத்தித் தருகிறேன்.